நாலாவதாக வந்தவள்

பொன்னாயிக்கு வயசாகி, அந்த மாசத்தோடு வேலை முடிகிறது. பந்தலூருக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்று அர்த்தம். வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைத் தோட்டம் வேலைக்காகத்தான் கொடுக்கிறது. வீட்டிலிருந்து ஒரு ஆள் காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் வரைக்கும் வீடு அவர்களுடையது. பேர் நின்றுவிட்டால் அடுத்த குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடும். இதில் யார் மேலும் கோபப்பட ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த பொன்னாயியும், யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில்தான் முதல் கஞ்சியைக் குடித்தாள்.

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளை என்று இருந்தது கலைமதி ஒருத்திதான். அம்மாவுக்குப் பிறகு அவள் பேரைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கலைமதி ஓடுகிறவள்.

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த ஓட்டம். ஊட்டியில் நடந்த மாவட்டப் போட்டியில் ஒரு தடவை முதலில் வந்தாள். அதோடு விட்டுவிடுவாள் என்றுதான் லயத்தில் நினைத்தார்கள். பன்னிரண்டாவது முடித்து, பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் விடவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, தோட்டத்து ரோட்டில் ஃபாக்டரி வரைக்கும் இறங்கி, திரும்ப மேட்டில் ஏறி வருவாள். முதலில் எல்லாரும் யானை துரத்துகிறதா என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். நாய்களும் குரைப்பதை விட்டுவிட்டன.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தவர்கள்தான் விண்ணப்பம் போடலாம். வயது வரம்பு அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. கிடைத்தால் கீழே ஏதாவது ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். கிடைக்காவிட்டால் தோட்டத்தில் கொழுந்து. இரண்டுக்கும் நடுவே வேறு வழி இல்லை.

தோட்டத்து சூப்பர்வைசர் லிங்கசாமி நல்ல மனுஷர். ஆபீஸில் பொன்னாயி மகள் பேரை எப்போது பதியப் போகிறார்கள் என்று கேட்டபோதெல்லாம் அவர் வேறு பேச்சுப் பேசிச் சமாளித்தார். போட்டிக்குப் போகிற அன்று பஸ் நிற்குமிடத்தில் கலைமதியைப் பார்த்தவர் பக்கத்தில் வந்தார்.

"ஓடிட்டு வா. அதுவரைக்கும் நான் வாயத் தொறக்கல. ஆனா மாசம் முடிஞ்சதுன்னா என் கையில ஒண்ணும் இல்ல பாத்துக்க."

கோயம்புத்தூரில் வெயில் அடித்தது. மலையிலிருந்து போட்டுக்கொண்டு போன ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மைதானத்து ஓரத்தில் வைத்துவிட்டு அவள் ஓடினாள். ஐயாயிரம் மீட்டர். மூச்சு அவளுக்கு ஒரு தொந்தரவே இல்லை. மேட்டில் பழகிய கால், சமதரையில் சும்மா போவது மாதிரி போனது. பாதிப் பேர் பின்தங்கினார்கள். கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் இரண்டே பேர். அவர்களைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தது. பிடிக்கத் தேவையும் இல்லை. மூன்றாவது போதும்.

தோட்டத்து ரோட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், ஒதுங்கிவிடுவார்கள். கொழுந்து லாரியாக இருக்கும், இல்லாவிட்டால் மேனேஜர் ஜீப்பாக இருக்கும். ரோடு ஒரு வண்டிக்குத்தான் காணும். ஒரு பக்கம் மண்திட்டு, ஒரு பக்கம் பள்ளம். பிள்ளை நடக்கப் பழகும்போதே இதுவும் பழகிவிடுகிறது. பேசிக்கொண்டு போகிறவர்கள் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை. கால் தானாக ஓரம் போகும், நடை தானாகக் குறையும், வண்டி கடந்ததும் தானாக நடுவுக்கு வரும்.

கடைசி வளைவில் கலைமதிக்குப் பின்னால் சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் காலடியும் மூச்சும்தான். அவள் கால் உள்பக்கக் கோட்டை விட்டு வெளியே ஒதுங்கியது. வேகமும் குறைந்தது. அந்தப் பெண் உள்பக்கமாகப் புகுந்து போய்விட்டாள். கலைமதிக்கு என்ன நடந்தது என்று புரிந்தபோது ஓட்டம் முடிந்திருந்தது.

நாலாவது.

யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தாள். ஸ்வெட்டரைத் தேடி எடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று மேட்டுப்பாளையம் வரைக்கும் காத்திருந்தாள். வரவில்லை. மலை ஏறினால் வரலாம் என்று பார்த்தாள். ஊட்டியில் பஸ் மாறும்போது குளிர்தான் வந்தது.

லயத்தில் கேட்டவர்களிடமெல்லாம் நாலாவது என்றாள். பொன்னாயி பக்கத்து வீட்டுக்காரிகளிடம் மகளுக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தாள். அது அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. எந்தக் கால் என்று சிலர் கேட்டார்கள். கலைமதி ஏதோ ஒரு காலைக் காட்டினாள். ஒருத்தி தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். வலிக்காத காலில் தைலம் எரிந்தது. அதையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தகுமார் வந்தது அப்போதுதான். பந்தலூர் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். யூடியூபில் ஒரு சேனலும் நடத்துகிறான். மலையிலிருந்து முன்னுக்கு வந்தவர்களைக் கூட்டி, கல்யாண மண்டபத்தில் மேடை போட்டுப் பேச வைக்கப்போவதாகப் போட்டிக்கு முன்பே சொல்லியிருந்தான். இப்போது அவள் வரமாட்டேன் என்றதும் தலையைச் சொறிந்தான். மெடல் வாங்கிய வீராங்கனை என்று அவள் படத்தோடு பேனர் அடித்துக் கட்டியும் ஆகிவிட்டதாம். திரும்ப அடிக்கக் கட்டுப்படியாகாதாம். வந்து உட்கார்ந்தால் போதும், மற்றதை அவன் பார்த்துக்கொள்வானாம். அவள் சரி என்றாள். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாசத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறைய ஆள். தோட்டத்துப் பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பொன்னாயி நல்ல சேலை கட்டி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் கலைமதியோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் ராஜசேகர். ஒரு காலத்தில் வாலிபாலில் பேர் வாங்கியவர், இப்போது கூடலூரில் ஜிம் வைத்திருக்கிறார். இன்னொருவன் தேவாலாவைச் சேர்ந்த சில்வஸ்டர். மிமிக்ரி செய்கிறவன். லாரி, யானை, ரேஞ்சர், பாதிரியார் எல்லாம் அவன் தொண்டைக்குள் இருந்தார்கள். டிவியில் ஒரு சிரிப்புப் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே திரும்பியவன். ஆனாலும் திருவிழாக்காலத்தில் அவனைப் பிடிக்க முடியாது.

ராஜசேகர்தான் முதலில் பேசினார். காலையில் எழுவது, சாப்பாடு, ஒழுக்கம் எல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"வெறி வேணுங்க. எனக்கு முன்னால ஒருத்தன் நிக்கறதையே என்னால தாங்க முடியாதுங்க."

"அப்ப ரேஷன் கடையில உங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குமே அண்ணே" என்றான் சில்வஸ்டர்.

மண்டபம் சிரித்தது. ராஜசேகரும் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. வேடிக்கை வேறு, வாழ்க்கை வேறு, முதல் சுற்றிலேயே திரும்பி வந்தவனுக்கு அது புரியாது என்றார். சில்வஸ்டர் அதற்குக் கோபப்படவில்லை. முதல் சுற்றில் தோற்றதைத்தான் அவன் ஊர் ஊராகப் போய் நடித்துக் காட்டுகிறானாம். அந்த வருஷம் ஜெயித்தவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாதாம்.

"பசங்க இருக்கற எடத்துல இப்படிப் பேசக்கூடாது. இது தோத்தவன் பேச்சு" என்றார் ராஜசேகர்.

"நூறு பேரு ஓடுனா தொண்ணூத்தொம்பது பேரு தோத்தவந்தான அண்ணே. அவனுகளுக்கும் யாராச்சும் ஒருத்தன் பேசணுமில்ல."

கலைமதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. ராஜசேகர் சொல்கிற வெறி தன்னிடம் இருந்ததா என்று யோசித்தாள். இத்தனை வருஷம் ஓடியிருக்கிறாள், இருந்திருக்கத்தான் வேண்டும். இப்போது தேடிப் பார்த்தால், காலி வீட்டில் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

வசந்தகுமார் மைக்கை அவள் பக்கம் கொண்டுவந்தான். அவளுக்கு உதவத்தான் அப்படிக் கேட்டான்.

"நம்ம தோட்டத்துப் புள்ளைங்க. கடைசி நேரத்துல கால் புடிச்சிக்கிச்சு. இல்லேன்னா மெடல் நமக்குத்தான். இல்லீங்களா கலைமதி?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். எதற்காக ஆட்டவில்லை என்று பிற்பாடும் அவளால் சொல்ல முடியவில்லை. மைக் முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

"கால் புடிக்கலீங்க" என்றாள். "பின்னாடி சத்தம் கேட்டுச்சு. ஒதுங்கி வழி விட்டுட்டேன்."

உடனே சில்வஸ்டரின் தொண்டையிலிருந்து கொழுந்து லாரியின் ஹாரன் வந்தது. அவன் நினைத்துச் செய்திருக்கமாட்டான். வாய்ப் பழக்கம். கூட்டம் வெடித்துச் சிரித்தது. வெளியூர்க்காரர்களைவிடத் தோட்டத்துப் பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருத்தி இன்னொருத்தியை இடித்து, தான் ஹாரன் கேட்டுக் கல்யாணப் பந்தலிலேயே ஒதுங்கியவள் என்றாள். பொன்னாயியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் முகம் மாறியது.

போட்டியில் யாராவது வழி விடுவார்களா என்று ராஜசேகர் மனம் நொந்து கேட்டார். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் கலைமதி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் யாரோ தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

முடிந்த பிறகு டீயும் பன்னும் கொடுத்தார்கள். சில்வஸ்டர் கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"தங்கச்சி, அத நான் எடுத்துக்கட்டுமா?"

"எதண்ணே?"

"அந்த ஒதுங்குனத. மேடையில செய்ய. உன் பேரு வராது."

"வந்தாலும் பரவால்ல."

"கோவமா சொல்றியா?"

"இல்லண்ணே. எடுத்துக்கங்க."

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரிக்க வைப்பவனுக்கு, சிரிக்காத முகத்தைப் படிக்கத் தெரியும். அடுத்த வருஷமும் போட்டி வருமே என்றான். வயது முடிந்தது என்றாள். அதற்கும் அவனிடம் ஒரு ஜோக் இருக்கிறதாம், இப்போது வேண்டாமாம். பன்னில் பாதியைப் பிய்த்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இறங்கி லயத்து மேட்டில் நடக்கும்போது பொன்னாயி பேச்செடுத்தாள்.

"கால் புடிச்சிக்கிச்சின்னே இருந்திருக்கலாம்."

"கேட்டாங்க, சொன்னேன்."

"நாந்தான் ஒன்ன அடிச்சிப் பழக்குனேன், சின்னதுல. சத்தம் கேட்டா ஒதுங்குடீன்னு."

"லாரி வந்தா ஒதுங்கத்தானம்மா வேணும்."

பொன்னாயி திருப்பூரைப் பற்றிச் சொன்னாள். தங்கச்சி முறையில் ஒருத்தி அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம். இரண்டு பேரும் போனால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாமாம். இந்த வீட்டுக்காக மகள் கொழுந்துக்குப் போக வேண்டாமாம். சொல்லும்போதே மூச்சு வாங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவுக்குச் சமதரை தெரியாது என்பது கலைமதிக்குத் தெரியும். பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டினாலே அவளுக்குத் தலை சுற்றும்.

"வேணாம்மா. நாளைக்கிப் பேரு குடுத்துர்றேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்" என்றாள். யோசிக்கவில்லை.

மறுநாள் பெரட்டில் போய் நின்றாள். லிங்கசாமி பேரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார், சொன்னாள். கொழுந்து வெட்டுகிற கத்திரியைக் கொடுத்தார்கள். மேட்டுத் தேயிலைக் காட்டில் ஒரு நிரைச் செடி அவளுக்கு விழுந்தது. கத்திரியை மட்டமாகப் பிடிக்க வேண்டும், ஆழமாகப் போனால் முற்றல் வந்துவிடும் என்று பக்கத்து நிரைக்காரி காட்டிக்கொடுத்தாள். மத்தியானத்துக்குள் அவளுக்கு உள்ளங்கை கொப்புளித்தது. மற்றவர்களின் நிரை எல்லாம் மேலே போய்விட்டது, அவளுடையது பாதியில் நின்றது. இத்தனை வேகமாக ஓடுகிறவள் இத்தனை மெதுவாகவா கொழுந்தெடுப்பாள் என்று ஒருத்தி கேட்டாள். கேலியில் விஷம் இல்லை. கலைமதி கொஞ்சம் சிரித்தாள்.

அந்த வாரமே வீடு அவள் பேருக்கு மாறியது. பேர் இருக்கிற வீடு என்று ஆனதும் தோட்டத்திலிருந்து கூரைத் தகரம் மாற்ற இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். தண்ணீர் எங்கே எங்கே ஒழுகுகிறது என்று கேட்டார்கள். வேலைக்குப் போகாமல் பகலில் என்ன செய்வது என்று தெரியாமல் கிடந்த பொன்னாயி, அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். குரலில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெம்பு இருந்தது. ஒரு ஆள் மேலே ஏறினான். ஏணி ஈர மண்ணில் வழுக்கியது. கலைமதி போய் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆணி அடிக்கிற ஒவ்வொரு அடியும் ஏணி வழியாகக் கொப்புளித்த உள்ளங்கைக்கு இறங்கியது. வலிக்கவில்லை. வேலை முடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாள்.