தொடுதிரையில் நின்றது, துண்டு ஆடவில்லை

இன்று மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளி வீட்டில் தொடுதிரை மாட்டினேன். ஹால் விளக்கு, ஃபேன், வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் உப்பள மோட்டார், எல்லாமே அதில் தொட்டால் போதும்.

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அவர் தொட்டார். பச்சை சிவப்பானது. நான் பெருமையாக நிமிர்ந்தால், மனிதர் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"ஏழுமலை துண்டு ஆட்டணும்பா."

உப்பளத்தில் அதுதான் வழக்கமாம். வாய்க்கால் முனையில் நிற்கிறவர் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டுத் துண்டை ஆட்டுவார். அதுவரை சுவிட்சை விட்டு யாரும் நகர மாட்டார்களாம்.

"அதான் ஸ்கிரீன்ல ஆஃப்னு இருக்குதே சார்" என்றேன், எரிச்சலாக.

"இருப்பா."

ஜன்னலுக்கும் திரைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். துண்டு ஆடவில்லை. ஏழுமலையே ஓடி வந்தார்.

"மோட்டாரு ஓடிக்கினே இருக்குது! பாத்தியில தண்ணி ஏறுது!"

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மோட்டார் பெட்டிக்குள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. நாளை வார வேண்டிய உப்பு ஒரு பாத்தி கரைந்தே போனது.

திரைக்குத் தெரிந்தது அவர் விரல் பட்டது மட்டும்தான். மோட்டாரிடமிருந்து பதில் கொண்டுவரும் ஒயர் எங்கள் திட்டத்திலேயே இல்லை.

வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, இறக்கை நிற்கும்வரை அண்ணாந்து பார்க்கிறேன்.

இந்தப் பதிவு வெளியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அதை யார் நம்புவது? இதைப் படித்தவர்கள் யாராவது ஒரு துண்டு ஆட்டுங்கள்.