மூத்தவளின் மூன்று ஸ்க்ரூ

அந்த மருந்துக்கடைக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கவர்காரர்’ என்றால்தான் தெரியும். கையில் எது கிடைத்தாலும் சின்ன மாத்திரைக் கவருக்குள் போட்டு, வாயை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்தால்தான் மனுஷனுக்கு மனசு அடங்கும். சட்டைப் பொத்தானுக்கு ஒரு கவர், பழைய சாவிக்கு ஒரு கவர், போன வருஷம் விழுந்த கடைவாய்ப் பல்லுக்குக்கூட ஒரு கவர். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மாத்திரை ஆள் மாறிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. அதைத் தெருவில் ஆளுக்கு நாலு தரமாவது சொல்லியிருப்பார்.

அவருடைய இன்னொரு பெருமை பைக். நீளமான சீட், பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி என்று ஊர் சுற்றுவதற்கென்றே செய்த கனத்த வண்டி. கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் வாங்கியது. தனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் அவர் மனைவி அதற்கு ‘மூத்தவள்’ என்று பெயர் வைத்துவிட்டாள். அந்த மூத்தவளுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. சமதரையில் சமர்த்தாகப் போவாள். ஆஸ்பத்திரி மேட்டில் ஏறச் சொன்னால் மட்டும் இருமி இருமிக் கறுப்புப் புகையாகக் கக்குவாள்.

மனைவியின் தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். அந்த வண்டி மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். இரண்டு வாரம் முன்பு சாப்பிட வந்தவன் சும்மா இருந்தானா?

“அத்தான், உங்களுக்கு மாத்திரைதான் தெரியும். வண்டி பாவம், உங்ககிட்ட மாட்டிக்கிட்டுத் திணறுது. பேசாம எங்கிட்ட குடுத்துடுங்க.”

கவர்காரருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “அடுத்த ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வா. அதுக்குள்ள என் கையாலயே சரி பண்ணி மேட்டுல ஏத்திக் காட்டறேன். முடியலன்னா சாவி உனக்கு!”

வாய் இருக்கிறதே, அது மட்டும் இல்லையென்றால் பாதிப் பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

நோய் என்னவென்று அவரே கண்டுபிடித்தார். மூச்சு அடைப்பு. ஏர் ஃபில்டரை மாற்றி எத்தனை வருஷம் என்று அவருக்கே ஞாபகமில்லை. புது ஃபில்டர் வரவழைத்தார். கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, பின்கட்டில் ஸ்பேனரும் கையுமாக இறங்கினார்.

எந்தப் புண்ணியவான் அந்த ஃபில்டரை அவ்வளவு உள்ளே ஒளித்து வைத்தானோ! முதலில் சீட் கழல வேண்டும். பிறகு பக்கத்து மூடிகள். பிறகு பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, டேங்கைக் குழந்தை மாதிரித் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். அப்புறம்தான் அந்தக் கறுப்புப் பெட்டியே கண்ணில் படும். கழன்ற ஒவ்வொன்றும் உடனுக்குடன் கவருக்குள் போனது. கவரில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்குமே, அதை அவர் இடது, நடு, வலது என்று வைத்துக்கொண்டார். சீட்டுக்கு 2-0-2, அதாவது இடது பக்கம் இரண்டு ஸ்க்ரூ, வலது பக்கம் இரண்டு. டேங்குக்கு 1-0-1. ஃபில்டர் பெட்டி மூடிக்கு 1-1-1. கடைசி மூன்றும் கழுத்தில் வளையம் வைத்த குட்டை ஸ்க்ரூ. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. பின்கட்டில் வைத்தால் உருண்டு போகும் என்று எல்லாக் கவரையும் கொண்டுபோய்க் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், மருந்துக் கவர் வைக்கும் தட்டில் வைத்தார். அந்தத் தட்டில் வைத்த எதுவும் இதுவரை தொலைந்ததில்லை.

ஃபில்டரை எடுத்துப் பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தில் ஒரு மடிப்புகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு புழுதி. “இத்தனை நாள் எப்படிடி மூச்சு விட்ட?” என்று மூத்தவளிடம் வாய்விட்டே கேட்டார். எஞ்சினுக்குள் தூசி போகாமல் துணியைத் திணித்தார். பெட்டியைத் துடைத்தார். புதுசைச் சரியாக உட்கார வைத்தார். துணியை மறக்காமல் உருவினார். மணி மூன்று. மூடியைப் போட்டு, கடைக்குப் போய் 1-1-1 கவரை எடுத்துவந்து, பின்னைப் பிரித்து உள்ளங்கையில் கவிழ்த்தார்.

மூன்று மஞ்சள் மாத்திரை விழுந்தது.

அவர் கடைக்குள் ஓடினார்.

“ஏம்மா! இங்க இருந்த ஒண்ணு ஒண்ணு ஒண்ணு எங்க?”

“டிராயிங் வாத்தியார் பதினொரு மணிக்கு வந்தாரே, அவர்கிட்ட குடுத்தேன். தலைசுத்தல் மாத்திரைதானே?”

“பிரிச்சுப் பார்க்க மாட்டியா?”

“பின் அடிச்ச கவரைப் பிரிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நானா?”

ரிட்டையரான டிராயிங் வாத்தியார் ஒரு நாளுக்கு மூன்று மாத்திரைதான் வாங்குவார்; அந்தக் கவர் காலையிலேயே தட்டில் தயாராக இருக்கும். மொத்தமாக வாங்கிவிட்டால் மறுநாள் கடைக்கு வந்து கதை பேச முடியாதே! மனுஷனுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் கை விரலே தெரியாது. மதிய மாத்திரை நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கவர்காரர் கையைக்கூடத் துடைக்காமல், ஆஸ்பத்திரி மேட்டுக்கு மேலே இருக்கும் வாத்தியார் வீட்டுக்கு ஓடினார். பைக்கும் போச்சு, முப்பத்தொரு வருஷப் பேரும் போச்சு, கடவுளே அந்த மனுஷன் உயிராவது மிஞ்சட்டும் என்று தெரு முழுக்கப் புலம்பிக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தது வாத்தியாரின் மகள். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. அவள் பார்த்தால் பெரியவர்களுக்கே கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

“அப்பா மாத்திரை போட்டாச்சாம்மா?”

“அப்பவே. என் கண்ணு முன்னாலதான் முழுங்கினார். ஏன்?”

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கவர்ல தேதி பார்க்கணும்” என்று உளறிவிட்டு அவர் உள்அறைக்குள் பாய்ந்தார். வாத்தியார் ஜன்னலோரம் நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேஜையில் கவர். கவரில் இரண்டு ஸ்க்ரூ.

“சார், வயித்த வலிக்குதா? குத்துதா?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன் தம்பி. ஆனா இன்னிக்கு மாத்திரை கொஞ்சம் கனமா இருந்துச்சு. புதுக் கம்பெனியா?”

கவர்காரர் விஷயத்தைச் சொன்னார். வாத்தியார் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலில் இருந்த பூந்தொட்டியைக் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

“தோண்டிப் பாருங்க. மேல்மண்ணுலதான் இருக்கும்.”

தோண்டினார். ஸ்க்ரூ கிடைத்தது. கூடவே பாதி கரைந்தும் கரையாமலும் ஏகப்பட்ட மஞ்சள் மாத்திரைகளும் கிடைத்தன. செடி மட்டும் தலைசுற்றல் இல்லாமல் ஜம்மென்று நின்றது.

“எத்தனை மாசமா சார் இந்தக் கூத்து?”

“ஆறு. வாய்கிட்ட கையைக் கொண்டுபோய்த் தண்ணி மட்டும் குடிச்சிடுவேன். மத்தியான மாத்திரை போட்டா ராத்திரி வரைக்கும் தூக்கம் தம்பி. தூங்கிட்டா சாயங்காலம் நடக்கறது யாரு, நாலு மனுஷங்களைப் பார்க்கறது யாரு?” வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பொண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுது, அவ்வளவுதான். உங்க தப்பை நான் சொல்லல, என் தப்பை நீங்க சொல்லாதீங்க.”

கவர்காரருக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடவே போன உயிர் திரும்பியும் வந்தது. “நாளைக்கே டாக்டர்கிட்ட நான் பேசறேன், மாத்தித் தரச் சொல்றேன். அதுவரைக்கும் செடிக்கு வைத்தியம் பார்க்காதீங்க” என்று மூன்று ஸ்க்ரூவையும் பொத்திக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில்தான், சரியான மாத்திரையைக் கொடுக்கவே இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் போக நேரமில்லை. மணி நாலே கால்.

மூடி, குழாய், டேங்க், சீட் என்று வியர்க்க விறுவிறுக்க மாட்டினார். ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மச்சினன் வந்து நின்றான். சாவி கிடைத்துவிட்ட மாதிரி ஹெல்மெட்டைக் கையிலேயே கொண்டுவந்திருந்தான். கவர்காரர் பட்டனை அழுத்தினார். இருமல். மறுபடி அழுத்தினார். இருமல். மச்சினன் சிரித்தான். மூன்றாவது அழுத்தலில் மூத்தவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே சீராகப் பாட ஆரம்பித்தாள். மச்சினன் முகத்தில் ஈ ஆடவில்லை.

“இன்னும் மேடு இருக்கு அத்தான்” என்றான்.

“ஏத்திட்டாப் போச்சு. அப்படியே வாத்தியார் மாத்திரையையும் குடுத்துட்டு வரேன்.”

“நானும் வரேன்” என்றாள் மனைவி. “மாத்திக் குடுத்தது நான். நேர்ல ஒரு வார்த்தை சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது.”

“நீ எதுக்கு? வேணாம், வேணவே வேணாம்” என்று அவர் பதறினார். பூந்தொட்டி விஷயத்தை அவளிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. அவள் கேட்டால்தானே? தம்பி கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் அந்த வண்டியில் ஏறிப் பல வருஷமாகியிருந்தது. ஆஸ்பத்திரி மேட்டில் மூத்தவள் ஒரு இருமல் இல்லாமல், இரண்டு பேரையும் சுமந்துகொண்டு வழுக்கிக்கொண்டு ஏறினாள். கவர்காரருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

வாத்தியார் வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். பின்னால் வாத்தியார். கவர்காரர் எஞ்சினை அணைத்தார். வாய் திறப்பதற்குள் மனைவி இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கம்மா. காலையில மாத்திரைன்னு நெனச்சு வண்டி ஸ்க்ரூவைக் குடுத்துட்டேன். நல்லவேளை, மூணும் பத்திரமாத் திரும்பி வந்துடுச்சு.”

மகள் மெதுவாகப் பின்னால் திரும்பினாள்.

“மூணுமா? அப்போ மத்தியானம் என் கண்ணு முன்னால என்னப்பா முழுங்கினீங்க?”

வாத்தியார் கவர்காரரைப் பார்த்தார். கவர்காரர் மாத்திரைக் கவரை வாசல்படியில் வைத்துவிட்டு, “ஏறும்மா, சீக்கிரம் ஏறு” என்றபடி பட்டனை அழுத்தினார். மூத்தவள் ஒரே அழுத்தலில் கிளம்பினாள்.