அங்காளம்மாள் வீட்டில் விழுந்த எலி

ராசிபுரத்தில் வெண்ணெய் வாங்கி உருக்கி நெய் விற்றுவந்த அங்காளம்மாளுக்கு எலிகளோடு தீராத பகை. புருஷன் போய்ப் பத்து வருஷம். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் அவளும் நெய்ப்பானைகளும்தான். பானை வாயைத் துணியால் வேடு கட்டினால் துணியைக் கடித்தன. பலகை போட்டு மூடினால் பலகையைக் கடித்தன. பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் பசுமடத்துக்குப் போய்ப் பூனை கேட்டாள்.

பசுமடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அருணகிரி, வைக்கோலுக்குள் ஒடுங்கிக் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனையைக் காட்டினார். யாரோ கொண்டுவந்து விட்டுப் போனது.

"இது ஆளைக் கண்டா நடுங்குதுங்கம்மா. எலி புடிக்கறது சந்தேகந்தானுங்க."

அதன் கண்ணைப் பார்த்த பிறகு அங்காளம்மாளுக்கு வேறு பூனை பிடிக்கவில்லை.

வீட்டில் கல்யாணம் போல ஏற்பாடு நடந்தது. ஜன்னலுக்குச் சாக்கு கட்டினாள். நெல் குதிருக்குப் பின்னால் பழஞ்சேலையை மடித்துப் போட்டாள். வந்த வழி தெரியக்கூடாதென்று பூனையைக் கூடையில் மூடிக் கொண்டுவந்தாள். அதை எடுத்துக்கொண்டு அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். நான்கு பாதத்திலும் நெய் தடவிவிட்டாள். நக்கி முடிப்பதற்குள் வீடு பழகிவிடும் என்பது அவள் கணக்கு. பூனையோ குதிருக்குப் பின்னால் போனதுதான், பதினைந்து நாள் வாலைக்கூடக் காட்டவில்லை. ஆள் அரவம் அடங்கினால் வந்து பாலைக் குடித்துவிட்டு ஓடிவிடும். ஒரு மாதம் கழித்து, வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தவளின் முழங்காலில் தலையைத் தேய்த்துவிட்டுப் போனது. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள்.

அப்புறம் ஒரு காலையில் குதிருக்கு முன்னால் எலி ஒன்று செத்துக் கிடந்தது. அங்காளம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"சுப்பம்மாக்கா, வந்து பாருங்க! என்ற பூனை எலி புடிச்சிருச்சுங்க!"

எதிர்வீட்டுச் சுப்பம்மாள் உற்றுப் பார்த்தாள். எலியின்மேல் ஒரு பல் தடம்கூட இல்லை.

"அடிப் பாவி, கீழ போடு! இது தானா விழுந்த எலிடி!"

அது பிளேக் வந்த வருஷம். எலி தானாகச் செத்து விழுந்தால் அந்த வீட்டைக் காலி செய்து, கந்தகப் புகை போட்டு, பூட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்தே ஊரில் பாதிப்பேர் எலியைச் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இவள்தான் ஊரைக் கூட்டிக் காட்டினாள், பைத்தியக்காரி. மத்தியானத்துக்குள் சுகாதார இன்ஸ்பெக்டர் நான்கு ஆட்களோடு வந்துவிட்டார்.

"எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாம்மா. ஊருக்கு வெளிய கொட்டகை போட்டிருக்குது."

"உள்ள பூனை இருக்குதுங்க சாமி."

"சீக்கிரம் எடுத்துட்டு வா."

குதிருக்குப் பின்னால் கையை விட்டாள். கை எட்டாத மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டது.

"ஆளுக நின்னா வராதுங்க சாமி. கொஞ்ச நேரம் எல்லாரும் தள்ளிப் போயிருங்க, அதுவே வந்துரும்."

"இன்னும் பதினெட்டு ஊடு கெடக்குது. ஒரு பூனைக்காக நிக்க முடியுமா?"

அந்த நெல் குதிர் ஒன்றையாவது நகர்த்திக் கொடுங்கள் என்று கும்பிட்டாள். எலி விழுந்த இடத்தைத் தொட ஒருவரும் முன்வரவில்லை.

"அப்படீன்னா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிருங்க."

யாரோ சிரித்தார்கள். இரண்டு பேர் அவள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். கந்தகச் சட்டியைப் பற்றவைத்து உள்ளே வைத்தார்கள். கதவைச் சாத்திப் பூட்டி, இடுக்கெல்லாம் களிமண் அப்பினார்கள்.

உள்ளே ஆள் அரவம் அடங்கிவிட்டதல்லவா, பூனை வெளியே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நகத்தால் பிறாண்டியது.

"வந்துருச்சுங்க! தொறங்க சாமி, வந்துருச்சு!"

இன்ஸ்பெக்டருக்கும் கேட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

"புகை போட்டாச்சும்மா. இனித் தொறக்கக் கூடாது."

பிறாண்டல் நிற்கும் வரைக்கும் அந்த இரண்டு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.