சம்பந்தி மரியாதையாகப் பேசிய நாள்

சோபாவுக்கு உறை தைக்கும் அவர், சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் மனைவியிடம் வள்ளென்று விழுந்தார், வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தார், கடைசியில் தையல் மெஷினிடமே சண்டைக்குப் போனார். "நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்" என்று ஆயுசு முழுக்க வீரம் பேசிய வாய், இப்போது காலி நூல்கண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. 'நல்லா இருக்குடா உன் வீரம்' என்று தன்னையே நொந்துகொண்டார்.

அவரோடு சேர்ந்து சிகரெட்டை விட்டவர் மகளின் மாமனார். "ரெண்டு பேரும் சிகரெட்டை விட்டாத்தான் பேரனைத் தூக்கலாம்" என்று மகள் சொல்லிவிட்டாள். ஆசை வரும்போதெல்லாம் சம்பந்திகள் போனில் பழைய கல்யாணச் சண்டையைக் கிளறுவார்கள். கத்தி ஓய்வதற்குள் ஆசை அடங்கிவிடும்.

அன்று சாயங்காலம் அவருக்குத் தாங்கவில்லை. பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கி உதட்டில் வைத்துக்கொண்டே போன் செய்தார்.

"சொல்லுங்க சம்பந்தி, சாப்பிட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு?"

தேனொழுகும் அந்தக் குரலைக் கேட்டதும் சுருக்கென்றது. "என்ன இவ்வளவு மரியாதை? பத்த வச்சுட்டீங்களா?"

மறுமுனையில் இருமல் கேட்டது. "பாதிதான் சம்பந்தி..."

"மனுஷன்னா ஒரு வைராக்கியம் வேணாம்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கத்திய வேகத்தில் உதட்டிலிருந்த சிகரெட் சாக்கடையில் விழுந்தது. எடுக்கலாமா என்று குனிந்தும் பார்த்துவிட்டார்.

"நீங்க எங்க இருக்கீங்க?" என்றார் சம்பந்தி சந்தேகமாக.

"பெட்டிக்கடையில. என் வைராக்கியம் இப்பதான் சாக்கடையில விழுந்துச்சு."

"அங்கயே நில்லுங்க, வரேன். நேர்லயே திட்டிக்கலாம்."

வந்தார். அன்று இருவரும் அதன்பிறகு புகைக்கவில்லை. விலக்கிவிட வந்த கடைக்காரருக்குத்தான் பாவம், இரண்டு பக்கமும் திட்டு விழுந்தது.