டிங்காச் சரிவில் இரண்டு கைம்பெண்கள்

கணவர் இறந்து எட்டாம் மாதம். குரோவேஷியாவுக்குத் திராட்சை பறிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவருடைய அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"ஆண்டுத் திவசமே முடியேல்லை. வைன் செய்யிற ஊருக்கோ போறீர்? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் மச்சாள். நான் ரிக்கெற் போட்டிட்டன்."

என்னை அழைத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மெல்பேர்ணுக்கு வந்து, நோபல் பார்க்கில் நாங்கள் வீடு வாங்கிய நாள் தொட்டுப் பழக்கம். குரோவேஷியாவின் பெல்யேஷாட்ஸ் குடாநாட்டில் பிறந்தவள். குடாநாடு என்றால் யாழ்ப்பாணம்தான் என்றிருந்த எனக்கு அந்த ஒரு சொல்லே அவளை உறவாக்கிவிட்டது. அவளும் கணவனை இழந்தவள். அவர்கள் ஊரில் கைம்பெண்ணுக்குச் சாகும்வரை கறுப்பு. இங்கே அதைக் கழற்றிப் போட்டுப் பல வருடம்.

ஆனால் அவளுடைய பயணப் பெட்டியைத் திறந்தால் உள்ளே முழுக்கக் கறுப்புச் சட்டைகள்.

"அங்கே என் புருஷனின் தங்கச்சி இருக்கிறாள்" என்றாள்.

"எனக்கும் ஒரு மச்சாள் இருக்கிறா. அவவுக்குப் பயந்தா நான் வெளிக்கிட்டனான்?"

கறுப்பையெல்லாம் எடுத்துக் கட்டிலில் எறிந்தேன். அவள் சிரித்துக்கொண்டே மஞ்சள் கவுன் ஒன்றை மடித்து வைத்தாள். நான் எட்டு மாதமாக வைக்காத பொட்டை அன்றைக்கு வைத்தேன்.

குடாநாட்டின் வாசலில் ஸ்டோன் என்ற ஊர். உப்பைக் காக்க அந்தக் காலத்தில் கட்டிய மதில் மலைமேல் ஏறிப் போகிறது. கீழே உப்பளங்கள். எங்கள் ஆனையிறவு உப்பளம் நினைவில் வந்தது. அதற்கப்பால் அவளுடைய கிராமம். மலைக்கு மறுபக்கம், கடலை நோக்கிச் சரியும் டிங்காச் தோட்டங்கள். முன்பெல்லாம் திராட்சையைக் கழுதைகள்தான் மலை தாண்டிச் சுமந்தன. பிறகு ஊர்ச் சனமே சேர்ந்து மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். அந்தச் சுரங்கத்துக்குள்ளால்தான் போனோம். வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. வானத்திலிருந்து ஒன்று, கடலிலிருந்து ஒன்று, கல்லிலிருந்து ஒன்று என்று தங்களுக்கு மூன்று சூரியன் என்பாள். பொய்யில்லை.

சரிவின் மேலே, அவள் புருஷன் வீட்டு முற்றத்தில் அவளுடைய மச்சாள் நின்றாள். தலை முதல் கால் வரை கறுப்பு. மஞ்சள் கவுனைப் பார்த்து ஏதோ கேட்டாள். இவள் திருப்பிச் சொன்னாள். பிறகு எனக்கு விளக்கினாள்.

"கலியாண வீட்டுக்கோ வந்தாய் என்று கேட்கிறாள். இல்லை, அறுவடைக்கு வந்தேன் என்று சொன்னேன்."

மறுநாள் என் கணவரின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினேன். கால் வழுக்கியது. குலைகள் சிறியவை, கறுத்தவை. பிசின் போல விரலில் ஒட்டின. மதியம் எல்லோருக்கும் மீனும் கோதுமைப் பாணும் வந்தன. எங்கள் தட்டுகளை மேசையின் மூலையில் தனியாக வைத்தாள் அந்த மச்சாள். நாங்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் இருந்தோம். யாரோ கிளாஸில் வைன் ஊற்றினார்கள். துவர்ப்பு; தொண்டை எரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.

புறப்படும்வரை அந்த மச்சாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வந்தபின் மெல்பேர்ணில் என் மச்சாளும் இரண்டு வருடம் பேசவில்லை. பயணத்தின் கடைசி நாள் நாங்கள் படகேறி எதிரே இருந்த கோர்ச்சுலா தீவுக்குப் போய், பகல் முழுக்கக் கடலில் கிடந்தோம்.