ஐந்தாம் வார்த்தைக்கு நான் பாடிய பாட்டு

சித்தூரில் எங்கள் சபைக் கோயிலில் பாடகர் குழு சபையைப் பார்த்தபடி உட்காரும். நடுவில் எழுந்து போனால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். எனக்கோ நாற்பது வயது தாண்டியதிலிருந்து சிறுநீர் முட்டினால் முட்டியதுதான், அடக்குகிற பேச்சே கிடையாது. டீச்சர் வேலையில் பாடத்தை நிறுத்திவிட்டு ஓடலாம். கோயிலில் ஓட முடியுமா? ஞாயிறு காலையில் காபி, தண்ணீர் எதையும் தொடமாட்டேன். நற்கருணைக்காக உபவாசம் இருக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்கங்கெட்ட காரியம்தான்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு அந்தத் தந்திரம் பலிக்காது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம், ஏழு பாட்டு. ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு வரும் பாட்டை நான் தனியாகப் பாட வேண்டும். பல வருஷமாக அது என் பாட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய அக்கா ஒருத்தர் தொண்டை போய்விட்டது என்று சொல்லிக் குழுவிலிருந்து நின்றுவிட்டார். எனக்கும் அந்தக் கதி வருமோ என்று பயமாக இருந்தது.

திருப்பதியில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள்ளேயே பஸ் டிரைவரைக் கெஞ்சி ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

"நீர்ப்பை தானா இறுகுது. இந்த மாத்திரை அதைத் தளத்தும். ஆனா எச்சிலும் நின்னுபோவும், மலம் கட்டும், கண்ணு கொஞ்சம் மங்கும். பரவாலேதா அம்மா?" என்றார் டாக்டர்.

பரவாயில்லை என்றேன்.

மாத்திரை சொன்ன சொல் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எழுந்து வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புத்தகத்தில் எழுத்து கலங்கித் தெரிந்தது. இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது, மூன்றாவதில் வெறும் காற்றுதான் வந்தது. அவமானத்தில் அழுதுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் சபையே அழுதுகொண்டிருக்கிறது!

எங்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். வெளியே வந்ததும் அவர், "அந்தத் தாகத்தை அப்படியே உணர்ந்து பாடினீங்கம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பக்தியா? மாத்திரை! ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

மறுபடியும் திருப்பதி. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். அதில் வாய் அவ்வளவாகக் காயவில்லை, மலச்சிக்கலும் இல்லை. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை ஓடியவள் ஒரு மணிக்கு ஒரு தடவை ஓடினேன், அவ்வளவுதான். ஒரு வருஷம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முதலாவதில் மானம் தப்பியது, குரல் போயிற்று. இரண்டாவதில் குரல் தப்பியது, மானத்துக்கு உத்தரவாதமில்லை. இரண்டையும் காப்பாற்றுகிற மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "உங்களுக்கு எது முக்கியம்னு சொல்லுங்க, அதை எழுதித் தர்றேன்" என்றார்.

வீடு வரும் வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு இரண்டாவதைப் போட்டுக்கொண்டேன். பக்கவாட்டுக் கதவோரம் என் நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன். நான்காம் வார்த்தையின் நடுவில் எழுந்தேன். சபை முழுக்கப் பார்த்தது. கோயிலை ஒட்டியிருந்த ஐயர் வீட்டுக் கழிவறைக்குப் போய்விட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் பாடினேன். ஒரு இடத்திலும் பிசகவில்லை. துக்க நாளில் சந்தோஷப்படக் கூடாது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

வெளியே சபைப் பெரியவர் ஒருவர், "நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா போன வருசம் மாதிரி உருக்கம் இல்லீங்க" என்றார்.

"போன வருஷம் மாத்திரைங்க. எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாத வியாதி, அதுக்குத் துன்ன மாத்திரையில வாய் காஞ்சுபோச்சு" என்று போட்டு உடைத்தேன். அவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் நகர்ந்தார்.

தொண்டை போன அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு வந்து என் கையைப் பிடித்தார்.

"என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "அந்தக் கதவாண்ட இன்னொரு நாற்காலி போட எடம் இருக்குமா?"