என்னையும் சேர்த்து ஒருமனதாக

போன வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு பழுப்பு கவர் வந்தது. உள்ளே இரண்டு பக்கம். கடைசி வரி இது: 'மேற்கண்ட முடிவு உறுப்பினர்கள் அனைவராலும் ஒருமனதாக எடுக்கப்பட்டது.'

கீழே உறுப்பினர் பட்டியல். ஐந்தாவதாக என் பெயர். இனிஷியல்கூடச் சரியாக இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல்தான். அந்த முடிவு வேண்டாம் என்று நான் வாயால் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அப்புறம் எப்படி ஒருமனது? யாருடைய மனது?

என்ன குழு, என்ன முடிவு என்று நீங்கள் கேட்பது புரிகிறது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

உள்ளூர் கேபிள் சேனல்கள் மீது யாராவது புகார் கொடுத்தால் விசாரித்து நடவடிக்கை எடுக்க ஒரு குழு. எந்த மாவட்டம் என்று மட்டும் கேட்காதீர்கள். டெல்டாவில் ஒன்று. தஞ்சாவூரில் என் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம். குழுவில் அதிகாரிகள் சிலர், வெளியாட்கள் சிலர். வெளியாட்களில் 'கல்வியாளர்' என்று ஒரு இடம். அதில் என்னைப் போட்டிருந்தார்கள்.

நான் மகளிர் கல்லூரியில் பாட்டனி நடத்தி ரிட்டயர் ஆனவள். செடி கொடி பற்றிக் கேட்டால் சொல்வேன். செட்டாப் பாக்ஸ் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள் — யார் சொல்லிக் கிடைத்தது என்று. எனக்குக் கோபம் வந்தது. தகுதி பார்த்துத் தந்திருக்க மாட்டார்களா என்ன?

முதல் கூட்டம். ஏசி அறை, முந்திரி பிஸ்கட், ஆளுக்கு ஒரு ஃபைல். ஒரே ஒரு சேனல் மீது நான்கு புகார்கள். குழந்தைகள் டிவி பார்க்கிற நேரத்தில் ஆபாசப் பாட்டுப் போடுகிறார்கள், பீதி கிளப்பும் பொய்ச் செய்தி போடுகிறார்கள் என்று. பென் டிரைவிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். காது கூசியது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா என்றார் தலைமையில் இருந்தவர். எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பேனாவை என் பக்கம் நகர்த்தினார். 'நுகர்வோர் பிரதிநிதி' என்று அவர் முன்னால் அட்டை வைத்திருந்தது.

போட்டேன் கையெழுத்து. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பொய்ச் செய்தி என்றார்களே, அது என்ன செய்தி என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

பேனா என் கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கண்ணாடி போட்டுப் பார்த்தால், மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெரிய கேபிள்-இன்டர்நெட் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. பேனாதானே... எங்கேயும் கிடைக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அமுதா. அந்தச் சேனலை நடத்துகிறவள்.

சேனல் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். உரக்கடை மாடியில் இரண்டு அறை, ஒரு கேமரா, இவளோடு சேர்த்து மூன்று பேர். அப்பா அம்மா நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். இவள் எம்.ஏ. முடித்துவிட்டு, லோன் போட்டு ஒரு கேபிள் லைனை வாங்கி ஊரிலேயே தங்கிவிட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு அரைமணி நேரச் செய்தி. இன்றைக்கு எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை, நாளைக்கு எந்த மதகு திறக்கிறார்கள், எந்தக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை — இவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் அதைப் பார்க்காமல் யாரும் மண்வெட்டியைத் தூக்குவதில்லை என்றாள். கொஞ்சம் மிகைப்படுத்துகிறாளோ என்று தோன்றியது.

அவள் சண்டைக்கு வரவில்லை. அந்தப் பாட்டை மாவட்டத்தில் எல்லா உள்ளூர் சேனல்களும் போடுகின்றன, அந்தக் கம்பெனி நடத்துகிற சேனல் உட்பட என்று சொன்னாள். போனில் எடுத்தும் காட்டினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"பாட்டு தப்புன்னா நிறுத்திடறேங்க மேடம். ஆனா வாய்க்கால் கரையைப் பத்திப் போடாதேன்னு யாரும் என்கிட்ட நேரா சொல்ல மாட்டேங்கறாங்க. அது ஏங்க?"

வாய்க்கால் கரையா? அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

அந்தக் கம்பெனி கேபிள் பதிப்பதற்காக ஒரு பாசன வாய்க்காலின் கரையை வெட்டியிருக்கிறது. தண்ணீர் வரப்போகிற நேரம். பெயருக்கு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் வந்ததும் கரை உடைந்தது. குறுவைக்கு விட்டிருந்த நாற்றங்கால்கள் முழுகின. அமுதா மூன்று நாள் தொடர்ந்து அதைக் காட்டியிருக்கிறாள். பள்ளம் தோண்டிய கான்ட்ராக்டர் கட்சியில் ஒரு புள்ளி. எந்தக் கட்சி? எது அதிகாரத்தில் இருக்கிறதோ அது. இதற்கு முன்னால் அவர் காரில் வேறு கொடி பறந்ததாம்.

இதற்கும் முன்பே கம்பெனி ஆட்கள் இரண்டு தடவை வந்து, லைனைத் தங்களிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். இவள் மறுத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்கிறேன். நான் அவளையும் சந்தேகப்பட்டேன். அவளும் தன் தொழிலுக்காகப் பேசுகிறவள்தானே? அவள் போனபிறகு ஃபைலை எடுத்து உட்கார்ந்தேன். நான்கு புகார்கள், நான்கு வெவ்வேறு ஊர்கள். நான்கிலும் ஒரே தேதி. நான்கிலும் ஒரே வாக்கியம் — 'எங்கள் குடும்பத்தினர் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானோம்.' கையெழுத்து மட்டும் வேறு வேறு.

அன்று சாயங்காலமே மாலதி போன் செய்தாள். என் பழைய மாணவி. அவள் கணவர் அதே கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். சௌக்கியம் விசாரித்தாள், மூட்டுவலி விசாரித்தாள். அப்புறம், வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்களாமே என்றாள்.

மத்தியானம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலத்துக்குள் அது மாலதிக்கு எப்படிப் போனது? தெருவில் யார் பார்த்தார்கள்? கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன். இந்தக் குழுவில் என் பெயர் எப்படி வந்தது?

"நான்தான் மேடம் குடுத்தேன். எங்க மேடம் ரொம்ப நல்லவங்க, யாருக்கும் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டாங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

பாசமாகத்தான் சொன்னாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தேன். இத்தனை வருஷம் வகுப்பெடுத்து, நான் சம்பாதித்த நல்ல பெயருக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று தெரியாமல் போயிற்று. நீங்கள் நல்லவர் என்று சொல்லி யாராவது உங்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால், யாருக்கு நல்லவர் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மறுநாள் பஸ் ஏறினேன். நான்கு புகார்க்காரர்களில் ஒருவரையாவது பார்த்துவிடுவது என்று.

கலியபெருமாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அவர் அப்பா கூலிக்குப் போன பண்ணையிலிருந்தே வாங்கியது. வயலிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் குழு, புகார் என்று ஆரம்பித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

கடிதத்தைக் காட்டினேன். கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். படித்துக் காட்டட்டுமா என்றேன். வேறு யாரோ எழுதிய கடிதத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். மன உளைச்சல் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"உளைச்சலா? எனக்குக் கால் உளைச்சல்தான் டீச்சர் உண்டு."

அவர் மனைவி சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வரியைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 'வாய்க்கால் கரை உடைந்ததாகவும் நாற்றுகள் சேதமானதாகவும் காட்டப்பட்டவை முற்றிலும் பொய்யானவை.'

முழுகியதில் தன் நாற்றும் உண்டு என்றார். மறுபடி விதை வாங்கி விட்டிருக்கிறார். அந்தச் சேனலைத்தான் அவர் வீட்டிலும் பார்க்கிறார்கள். தண்ணீர் முறை அதில்தானே சொல்கிறார்கள் என்றார். அமுதா மிகைப்படுத்தவில்லை.

பின்னே ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

"கிளைச் செயலாளர் கொண்டாந்தாரு. நம்ம கட்சிக் காரியம்னாரு. கட்சிப் பேப்பரைப் படிச்சுப் பாத்துட்டா டீச்சர் கையெழுத்துப் போடுறது?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அவர் மேலும் சொன்னார். அவர் அப்பாவுக்கு மனைப் பட்டா வாங்கிக் கொடுத்தது அந்தக் கட்சி. அதுவரை, இன்னொருவர் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தார்களாம். எழுந்து போகச் சொன்னால் போக வேண்டியதுதான். இப்போது நான் உட்கார்ந்திருந்த இடம் அந்தப் பட்டா மனை. எங்கள் வீட்டில் பட்டா என்பது பீரோவில் கிடக்கிற காகிதம். அதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அவருடைய விசுவாசத்தைப் பற்றி நான் என்ன பேச?

ஆனால் அந்த விசுவாசத்தை ஒரு கம்பெனியின் கேபிளுக்குக் கீழே வைத்து மூடியது யார்? அதைப் பேசலாம் இல்லையா?

இரண்டாவது கூட்டத்தில் பேசினேன். புகார் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள், எல்லாரும் போடுகிற பாட்டுக்கு இவருக்கு மட்டும் ஏன் நோட்டீஸ், ஒருநாள் போய் அந்தக் கரையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். நல்ல பாயின்ட் மேடம் என்றார் தலைமையில் இருந்தவர். நல்ல பாயின்ட் என்று பாராட்டப்பட்ட எதுவும் எந்த மீட்டிங்கிலும் நடந்து நான் பார்த்ததில்லை. நுகர்வோர் பிரதிநிதி குறுக்கிட்டார். பாவம், ஏழைகள், கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள் என்றார். அவருடைய கருணையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஃபைலைப் புரட்டினால் உத்தரவு ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. மூன்று மாதம் சேனல் ஒளிபரப்பக் கூடாது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அப்படியானால் எங்களைக் கூப்பிட்டது எதற்கு? பிஸ்கட் சாப்பிடவா?

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, எனக்கு இதில் சம்மதமில்லை என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன். என் பிரதியில் சீல் வைத்துத் தரும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

சேனல் நின்றது. அமுதாவின் வாடிக்கையாளர்களில் பலர் கம்பெனி பாக்ஸுக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒரு உள்ளூர் சேனல் உண்டு. நாள் முழுக்கப் பாட்டு. எனக்குக் காது கூசிய அந்தப் பாட்டும் வருகிறது. தண்ணீர் முறை மட்டும் வருவதில்லை.

அதற்கப்புறம்தான் இந்தப் பழுப்பு கவர்.

ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். அந்த வரி ஃபார்மட்டிலேயே இருக்கிறது, எல்லாத் தீர்மானத்துக்கும் அப்படித்தான் வரும் என்றார். என் கடிதம் என்ன ஆயிற்று என்றேன். ஃபைலில் பத்திரமாக இருக்கிறது என்றார். அந்த 'பத்திரமாக' எனக்கு ஆறுதலாக இல்லை.

அமுதா அப்பீல் செய்திருக்கிறாள். அவளுடைய வக்கீல், சீல் வைத்த என் பிரதி உதவும் என்றார். ஆனால் நான் ஒருத்தி சொன்னால் போதாது, புகார் கொடுத்தவர்களில் ஒருவராவது நடந்ததை எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு நிலைக்கும் என்றார். நான்கு பேரில் மூன்று பேர் போனையே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினேன். இந்தத் தடவை அவர் படித்தார். எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, கடைசி வரி வரைக்கும். உள்ளே அவர் மனைவி வேலையை நிறுத்திவிட்டு நின்றது தெரிந்தது. படித்து முடித்துத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எழுதிக் குடுக்க மாட்டேன் டீச்சர். கட்சிக்கு எதிரா என் கையெழுத்து எங்கயும் இருக்கக் கூடாது."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவரும் கூடவே எழுந்து வாசல் வரை வந்தார்.

"ஆனா ஒண்ணு. யாராச்சும் வந்து என்னை நேரா கேட்டாங்கன்னா, பொய் சொல்ல மாட்டேன். கரை உடைஞ்சுது. என் நாத்து போச்சு. அந்தப் பேப்பரைப் படிக்காம கையெழுத்துப் போட்டேன். மூணையும் சொல்லுவேன். அவங்களைக் கேக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலையிலேயே அப்பீலை விசாரிக்கிற ஆபீசில் வக்கீல் மனுப் போட்டுவிட்டார் — இவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று. பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. நானும் அங்கே தனியாக ஒரு கடிதம் அனுப்பினேன். வீட்டு அடையாளம், பஸ் நிற்கிற இடம், அவருடைய போன் நம்பர் எல்லாம் எழுதி.

கலியபெருமாள் ஊரில்தான் இருக்கிறார். இதை எழுதி முடிக்கிற இன்று காலை வரை, யாரும் கேட்கவில்லை.